ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில்

குமிழைச் சுற்றிப் பத்து எண்கள்.
எனக்கு வாய்த்தது
ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை.
அதற்குக் கீழே போனால் கொசு.
மேலே போனால்
எதிர்வீட்டு சாமுண்டியம்மாவின் அலமாரியில்
எவர்சில்வர் தம்ளர்கள்
ஒன்றையொன்று விசாரிக்கத் தொடங்கும்.

ஐம்பது வாட் வால்வு ஆம்ப்.
ரிச்சி தெருவில் பழசாக வாங்கி
ரயிலில் மடியில் வைக்கவும் முடியாமல்
கக்கூஸ் கதவோரம் நின்றபடியே
ஏகாம்பரகுப்பம் வரை கொண்டுவந்தேன்.
விற்றவன் சொல்லித்தான் அனுப்பினான்:
அஞ்சுக்கு மேல வெச்சாத்தான் சார்
வால்வு வாயத் தொறக்கும்,
அதுவரைக்கும் சும்மா தொண்டையச் செருமிக்கிட்டிருக்கும்.

ஐந்தில் வைத்தேன். ஒரே ஒரு முறை.
ஆணியோடு விழுந்தார்
காலண்டர் முருகன்.
ட்ரான்ஸ்ஃபார்மர் வெடித்துவிட்டதென்று
தறிக்கார முனிரத்தினம்
செருப்பில்லாமல் ஓடிவந்து
கம்பத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.
நானும் போய்ப் பக்கத்தில் நின்று
அண்ணாந்து பார்த்தேன்.

பிறகு சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன்.
சுவருக்கு அந்தப் பக்கமும் ஆள் இருக்கிறார்கள்.
ரஜாய் போர்த்தினேன்.
வால்வுச் சூட்டில் பஞ்சு கருகி
வீடெல்லாம் ரோமம் பொசுங்கிய நாற்றம்.
ஸ்பீக்கர் ஒயரையே பிடுங்கிடேன் என்றான் மச்சான் தேவராஜுலு.
அதைமட்டும் செய்யக் கூடாது.
போக்கிடம் இல்லாத சத்தம்
பெற்ற வயிற்றையே எரித்துவிடும்.

கடைசியில் புத்தூர் ரேடியோ ஜிலானி பாய்
ஒரு பெட்டி செய்து தந்தார்.
துடுப்புத் துடுப்பாக அலுமினியம், உள்ளே கம்பிச் சுருள்.
ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில் உட்கார்ந்து
முக்கால்வாசியைச் சூடாக்கிவிடும்.
அது தொண்டை கிழியக் கத்தட்டும் தம்பி,
கேக்கறது மட்டும் கம்மியா இருந்தாப் போதும்.

ஒரு மணி நேரம் வாசித்தால்
அதன்மேல் காலையில் மிஞ்சிய இட்லி சூடாகிறது.
திருத்தணி ஆஸ்பத்திரியில் டியூட்டி முடிந்து
ஆறு மணி பஸ்ஸில் எல்லை தாண்டி வரும் உஷாராணி
பையைக்கூட இறக்காமல்
பெட்டியில் உள்ளங்கை வைத்துப் பார்ப்பாள்.
இன்னைக்கு நல்லா வாசிச்சிருக்கே.

எங்கள் தெருவில் முப்பத்தெட்டு தறிகள்.
பகலெல்லாம் லுங்கி.
வெற்றிலை கேட்பதென்றாலும்
விரலைக் காட்டித்தான் கேட்க வேண்டும்.
இவ்வளவு சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது என்று
ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம்
பெட்டியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு
ஏழுக்குத் திருப்பினேன்.
எனக்கே காதில் விழவில்லை.
விலா எலும்பில் விழுந்தது.
நாடாக்கட்டை போய் வருகிற தாளத்திலேயே வாசித்தேன்,
அதை மீறித் தப்பாகவும் வாசித்தேன்.
தப்பு யாருக்கும் சொந்தமில்லாமல் போனது.

இரண்டே முக்காலுக்கு
கரண்ட் போனது.

தறிகள் முப்பத்தெட்டும்
கை உதறினாற்போல நின்றன.
வால்வு நிற்கவில்லை.
உள்ளே சூடும்
மிச்சம் பிடித்துவைத்த மின்சாரமும் இருந்தது போல.
நான் இழுத்துப் பிடித்திருந்த ஒரு சுரம்
தனியாக,
தெருமுனை ஹேண்ட் பம்ப் வரைக்கும் போய்
இரண்டு விநாடி நின்று
தளர்ந்து
சேறாகி
அடங்கியது.

வாசலுக்கு வந்தேன். தெருவே வாசலில் இருந்தது.
ஏமப்பா, அதி ஏமி? என்றார் முனிரத்தினம்,
கண் கம்பத்தின் மேலேயே.
சாமுண்டியம்மா மாடியிலிருந்து
யார் வீட்டுக் கன்னுக்குட்டி அது,
பாலுக்கு அழுவுது பாருங்க என்றாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து
தறி ஓடும்போது வாசிக்கிற ஒவ்வொரு சுரத்தையும்
கொஞ்சம் ஒழுங்காகவே முடிக்கிறேன்.
எப்போது போகும் என்று
லைன்மேனுக்கே தெரியாத கரண்ட்.

ஆறு மணி பஸ்.
உஷாராணி கை வைத்துப் பார்க்கிறாள்.
பெட்டி பாறை மாதிரி குளிர்ந்து கிடக்கிறது.
ஏன், இன்னைக்கு வாசிக்கவே இல்லையா?