முந்நூற்று நாற்பது, நூற்று இருபது

காற்று கொஞ்சம் மூச்சு வாங்கிய நேரத்தில்
தொட்டிக்குள் கோலை இறக்கிப் பார்த்தேன்.
இருநூற்று எழுபது லிட்டர்.
ஜெனரேட்டர் குடிப்பது நாளுக்குத் தொண்ணூறு.
விமானம் வர ஐந்து நாளாகும் என்று
கங்கர்லுசுவாக்கிலிருந்து கரகரத்தது ரேடியோ.

பிப்பாலுக் கையுறையோடு பென்சில் பிடித்து
இரண்டையும் பெருக்கினாள்.
இருபத்து நாலாயிரத்து முந்நூறு!
ஒரு நொடி நாங்கள் பெருஞ்செல்வந்தர்கள்.
அலகையும் எழுது என்றேன்.
எழுதினாள்: நாளுக்கு இத்தனை சதுர லிட்டர்.
அப்படியொரு பிராணி
கிரீன்லாந்துப் பனியில் எங்கும் மேயவில்லை.
சிரித்தாள், அடித்தாள், வகுத்தாள்.
மேலே ஒரு லிட்டர், கீழே ஒரு லிட்டர்,
ஒன்றையொன்று தின்று தீர்ந்தன.
அடியில் கிடந்த நாள் மட்டும்
மேலேறி வந்து நின்றது.
மூன்று.
எண்ணெயைக் கேட்டோம்,
கணக்கு ஆயுளைச் சொன்னது.

(நூக் பள்ளியில் என் விடைத்தாளில்
வெறும் ஒன்பது என்று எழுதியிருந்தேன்.
பக்கத்தில் சிவப்பு மையில்:
ஒன்பது என்ன? நாயா, மீனா?
வகுப்பே சிரித்தது. நான் மெக்கானிக் ஆனேன்.)

போன ஆகஸ்டில் எஸ்பென் புதைத்த
பன்னிரண்டு பீப்பாய்கள் எங்கோ இருந்தன.
அடையாளக் கம்புகளைக் குளிர்காலம் விழுங்கியிருந்தது.
அவன் குறிப்பேட்டில் அழகான கையெழுத்து:
கொடிக்கம்பம் ஆதிப்புள்ளி.
(340, 120). மீட்டர்.
அலகு இருக்கிறது, ஆதி இருக்கிறது,
இனி என்ன வேண்டும்?

கயிற்றால் இடுப்பைப் பிணைத்துக்கொண்டு
கிழக்கே முந்நூற்று நாற்பது,
பிறகு வடக்கே நூற்று இருபது,
நூல் பிடித்தாற்போல் நடந்தோம்.
தோண்டினோம். எட்டு மணி நேரம்.
பனி, அதன் கீழ் பனி,
அதன் கீழ்
இன்னும் பழைய பனி.

இந்தப் பனிப்பாறை நகர்ந்துகொண்டே இருக்கிறது,
பீப்பாயும் நகர்ந்திருக்குமோ என்றேன்.
கம்பமும் கூடவேதான் நகர்கிறது என்றாள் பிப்பாலுக்,
நாமும்தான், உன் தேநீரும்தான்.
கடலைக் கேட்டால் எல்லாரும் ஓடுகிறோம்.
கம்பத்தைக் கேட்டால்
ஒருவரும் அசையவில்லை.

இரவில் ஒரே கூடாரத்தில் நெருங்கிப் படுத்து
நாளுக்கு நாற்பத்தைந்து லிட்டராய்க் குறைத்தோம்.
மறுநாள் காலை ஆர்ஹூசில் எஸ்பெனைப் பிடித்தோம்.
பின்னணியில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம்.
எழுதியதில் எள்ளளவும் பிழையில்லை என்றான்.
பிப்பாலுக் கேட்டாள்,
எக்ஸ் எந்தப் பக்கம்?
இதென்ன கேள்வி, எக்ஸ் என்றால் வடக்கு!
நில அளவைக்காரனுக்கு வேறு எக்ஸ் உண்டா?

எங்கள் பள்ளித்தாளில் எக்ஸ் எப்போதும்
படுத்தே கிடந்தது, வலப்பக்கமாக.
அவனுடையது எழுந்து நின்று
துருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.
ஈசானிய மூலைக்குச் சாய்வாய் ஒரு கண்ணாடி வைத்தால்
எங்கள் குழி அங்கே விழும்,
முந்நூற்றுப் பதினொரு மீட்டர் தள்ளி.
அவன் சொன்னதும் சரி. நாங்கள் நடந்ததும் சரி.
பீப்பாய்களுக்குத்தான்
இரண்டு இடத்தில் இருக்கத் தெரியவில்லை.

ஒன்றரை மீட்டர் ஆழத்தில்
மண்வெட்டி டங் என்றது.
அதற்கு எந்த அலகில் மகிழ்வது என்று தெரியாமல்
பிப்பாலுக் பனியில் உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது குறிப்பேட்டில் என் கோணல் எழுத்து:
கொடிக்கம்பத்தின் அடியிலிருந்து
வடக்கே 340 மீட்டர், கிழக்கே 120 மீட்டர்,
ஆழம் ஒன்றரை, பதினொரு பீப்பாய் மீதி,
தேதி, பெயர்.
எஸ்பென் பார்த்தால் வளவளா என்பான்.

அந்த வெறுங்குழியையும் பதிந்து வைத்தேன்,
எதற்கென்று தெரியவில்லை.
அன்றிரவே காற்று அதை நிரவிவிட்டது.
கிழக்கே 340, வடக்கே 120:
அங்கே ஒன்றும் இல்லை,
துல்லியமாக.