மூன்றாவது பெஞ்சு

போதகர் கண் ஆபரேஷனுக்கு ரங்கூன் போயிருக்கிறார்.
ஞாயிறு நீங்கள் பேசுங்கள் என்று
வியாழக்கிழமை ஆள் அனுப்பினார்கள்.
மருந்துக்கடையில் கணக்கு எழுதுகிறவள் நான்.
எனக்குத் தெரிந்த ஒரே முன்னுரை
ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் எழுதும்
'முன்பக்க பாக்கி'.

தலைப்பையும் கொடுத்துவிட்டே போயிருக்கிறார்: காத்திருத்தல்.
உடம்பு எழுதிவிட்டேன், மூன்று பக்கம்.
முடிவும் இருக்கிறது, ஜெபத்தோடு.
தலை மட்டும் இல்லை.

சனிக்கிழமை ராத்திரி.
மோல்மேனில் ஒன்பது மணிக்கே மின்சாரம் போயிற்று.
சால்வின் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று
மெழுகுவர்த்தியைப் பிடித்துப் பிடித்து ஆட்டுகிறது.

முதலில் எழுதினேன்:
கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே.
அந்த இரண்டு சொல் முடிவதற்குள்
கடைசி வரிசை செல்லத்துரை
விசிறிக்குக் கீழே கண் மூடிவிடுவார்.
தப்பு அவருடையதில்லை.
நாற்பது வருஷமாய் அந்தச் சொற்களில்தான்
தலை சாய்க்கிறார்.
அடித்தேன்.

பிறகு ஒரு ராஜா கதை.
பிரசங்கத்து ராஜாவுக்கு எப்போதும் மூன்று மகன்கள்,
கடைசிப் பையன்தான் நல்லவன்.
ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளே
இரண்டாம் மகன் வரும்போது கொட்டாவி விடுகிறார்கள்.
அதையும் அடித்தேன்.

சிரிக்க வைக்கலாமா? மைத்துனர் சொன்னது ஒன்று உண்டு:
பரலோக வாசலில் பஸ் டிரைவரும் போதகரும்.
போதகர் இல்லாத ஞாயிறில்
அதைச் சொல்லக்கூடாது.

கேள்வியில் தொடங்கினால் காது நிமிரும் என்பார் அவர்.
எழுதினேன்:
உங்களில் எவராவது
எதற்காவது காத்திருந்ததுண்டா?

பேனாவை மூடும்போது
மூன்றாவது பெஞ்சு நினைவுக்கு வந்தது.
லேயாள் அக்கா.
மியாவடி வழியாக எல்லை தாண்டிப் போன மகன்
கடைசியாய்ப் பேசி நாலு வருஷம்.
பிரசங்க நேரத்திலும் போனை அணைக்காதவள்.
யாரும் அவளிடம் அணைக்கச் சொல்வதில்லை.
அவள் முகத்துக்கு நேரே
இந்தக் கேள்வியை நான் கேட்பதா?
தாள் கிழியும்படி அடித்தேன்.

மணி பதினொன்றரை.
மெழுகு விரற்கடைக்கு இறங்கிவிட்டது.

அப்போதுதான் வந்தது மின்சாரம்.
தெரு முழுக்க,
பர்மியர், மொன்காரர், எதிர்வீட்டுத் தெலுங்கர், நாங்கள்,
கட்டிலிலிருந்தும் குளியலறையிலிருந்தும்
ஒரே குரலாய்க் கத்தினோம்:
மீ லா பீ!
விளக்கு வந்தாச்சு!
பேனாவும் கையுமாய் நானும்தான் கத்தினேன்.

தமிழ்ப் பாட்டைப் பர்மிய எழுத்தில்
எழுதி வைத்துப் பாடும் எங்கள் பிள்ளைகளுக்கும்
அர்த்தம் கேட்க வேண்டாத சொல்.
கொட்டை எழுத்தில் எழுதி அடிக்கோடு போட்டேன்.
காத்திருத்தலுக்குள் நுழைய
இதைவிட என்ன வாசல் வேண்டும்?
படுத்ததும் தூக்கம்.

ஞாயிறு.
பாட்டு முடிந்தது. காணிக்கை முடிந்தது.
ஏறினேன். மைக்கைத் தட்டினேன்.
மின்சாரம் போயிற்று.

விசிறிகள் றெக்கை எண்ணும் வேகத்துக்கு வந்து
ஒவ்வொன்றாய் நின்றன.
கையிலிருக்கும் தாள்
வந்தாச்சு என்கிறது.
வரவில்லையே.
நின்றேன்.

பின்வாசலில் டேவிட் சோ
ஜெனரேட்டர் கயிற்றை இழுக்கிறான்.
அது இருமுகிறது. இழுக்கிறான். இருமுகிறது.
முந்தானைகளும் பாட்டுப்புத்தகங்களும் விசிறியாயின.
காற்று நின்றதில் செல்லத்துரை விழித்துக்கொண்டார்.
லேயாள் அக்கா மட்டும் விசிறவில்லை.
மடியிலிருந்த போனைத் திருப்பி
சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்து
மறுபடி கவிழ்த்து வைத்தாள்.

எவ்வளவு நேரம் நின்றேனோ,
ஜெனரேட்டர் கடைசிவரை பிடிக்கவில்லை.
மைக் இல்லாத குரலில்
இரண்டாம் பத்தியிலிருந்து ஆரம்பித்தேன்.

வாசலில் கைகொடுக்கும்போது
செல்லத்துரை சொன்னார்:
"நல்லாத்தான் பேசினேம்மா.
முன்னுரைதான் வைக்காம விட்டுட்டே."

லேயாள் அக்கா ஒன்றும் சொல்லவில்லை.
என் கையைப் பிடித்தவள்
விட மறந்து நின்றாள்.
அவளுக்குப் பின்னால்
வரிசை காத்திருந்தது.