ஒட்டாதிருக்க

செந்தூலில், மோட்டார் உதிரிபாகக் கடைக்கு மேலே
நாங்கள் கால் செய்கிறோம்.
படிகள் பதினெட்டு. லிஃப்ட் கிடையாது.
ஏழு வருடமாக லியோங்கிடம் சொல்லிவருகிறேன்.
"ஏறி வந்துட்டா பாதி நடந்த மாதிரி" என்பார்.

கபிலேசனின் கால்
இரும்புக் குழாயில் தலைகீழாக நிற்கிறது,
முழங்காலுக்குக் கீழே ஒரு சாண்,
இரண்டு நாள் காய்ந்த பிளாஸ்டர்.

இதன்மேல் நேராக ரெசின் ஊற்ற முடியாது.
முதலில் பிவிஏ பை.
ஈரத் துண்டில் சுருட்டி வைத்தால் அரை மணியில் இளகும்.
வறண்டால் கிழியும். அதிகம் நனைந்தால் கூழ்.
கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன்,
குழந்தையின் காதுமடல் போலிருக்க வேண்டும்.
உள்ளே கொஞ்சம் முகப்பவுடர்.
பிறகு ஒரே மூச்சில் இழுக்க வேண்டும்,
மடிப்பில்லாமல், யோசிக்காமல்.

தீபாவளிக்கு முந்திய வாரம்
ஹஸ்னி மோதிரத்தைக் கழற்றாமல் இழுத்துவிட்டான்.
நாங்கள் யாரும் பார்க்காத கீறலை
ரெசின் பார்த்துவிட்டது.
மறுநாள் அச்சும் கிண்ணமும் ஒரே கல்.
இரண்டு நாள் உளி.
மூக்கு, இமை, சாப்பாட்டு டப்பா எங்கும் வெள்ளை.
கடைசியில் கிண்ணமும் இல்லை, காலும் இல்லை.

ஒட்டுவதற்கென்றே பிறந்தது ரெசின்,
அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.
எனக்குச் சம்பளம்
நடுவில் இருக்கும் அந்த மெல்லிய
ஒட்டாமைக்கு.

நேற்று கபிலேசன் வந்தான்.
பதினெட்டுப் படியும் உட்கார்ந்தபடி, பின்பக்கமாக.
சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தவன்;
கெப்போங்கில் ஒரு லோரி, ஒரு மழை.
முதுகில் இன்னும் அந்தச் சதுரப் பை.

அச்சைச் சுற்றிப் பார்த்தான்.
"இத என்னக்கா பண்ணுவீங்க?"
"உடைப்போம்."
"ஏன்?"
"வாய் குறுகல், உள்ளே அகலம். முழுசா வராது."
"இதையும் உடைக்கணுமா?"

அந்த 'உம்'
என்னோடு கொமுட்டரில் ஏறி
பத்துமலை வரை வந்தது.

இன்று இரண்டு பை போட்டேன்.
நடுவில் மெழுகு, கண்ணாடி துடைப்பதுபோல
நாலு முறை தேய்த்து நாலு முறை துடைத்து.
லியோங் பார்த்தால் கணக்குக் கேட்பார்.
மேலே துணி, கார்பன், துணி, இன்னொரு பை.
ரெசினை ஊற்றி நூலால் கீழே தள்ளினேன்.
கெட்டியாகும்போது அதற்குக் காய்ச்சல் வரும்.
கை வைத்துப் பார்த்தேன்.
அந்தச் சூட்டில் அது யாருடைய காலாகவும் இருந்திருக்கலாம்.

விளிம்பை வெட்டியபின்
இதுவரை காற்றை உறிஞ்சிய குழாயில்
காற்றைத் திருப்பி ஊதினேன்.
ஒன்றுமில்லை.
மறுபடி. உள்ளே எங்கோ
முறுக்கு உடையும் சத்தம்.
ஹஸ்னி ரப்பர் சுத்தியலால் தட்டினான்,
மோதிரமில்லாத கையால்.
மூன்றாவது ஊதலில்
குழலைவிட்டுப் புட்டு நழுவுவதுபோல
வந்து என் மடியில் விழுந்தது.

முழுசாக என்று சொல்ல மாட்டேன்.
சுண்டுவிரல் நகமளவு சில்லு
கிண்ணத்தின் அடியில் தங்கிவிட்டது.
கரண்டியால் சுரண்டி எடுத்தேன்.

நாலு மணிக்கு அவன் போட்டு நின்றான்.
கம்பிகளைப் பிடித்து, உதட்டைக் கடித்து.
"இடது பக்கம் அழுத்துது."
அழுத்தும் இடத்தை லிப்ஸ்டிக்கால் குறித்தேன்.
தேய்க்க வேண்டும், புதன்கிழமை வரச்சொன்னேன்.

அச்சை நீட்டியபோது நன்றி சொல்லவில்லை.
சில்லுப் போன இடத்தை விரலால் தடவினான்.
சதுரப் பையைத் திறந்து,
நிமிர்த்தி வைத்து, சாயாமல் துண்டைச் செருகி,
ஜிப்பை இழுத்து மூடினான்.
"யாருக்கு ஆர்டர்?" என்றான் ஹஸ்னி.
சிரித்தது நான் மட்டும்தான்;
சற்றுப் பொறுத்து அவனும்.

உட்கார்ந்தபடியே இறங்கினான், பை மடியில்.
மூன்றாவது படியில் நின்று
திறந்து பார்த்தான். மூடினான்.

லியோங் மெழுகு டின்னைத் தூக்கினார்.
ஒன்றும் கேட்கவில்லை.
காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்தார்.