தறி பார்க்காத துணி

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் லேப் மாடியில்
நாற்பத்திரண்டு துண்டுகள்
தெற்கு பார்த்துச் சாய்ந்திருக்கின்றன.
உள்ளங்கை அகலம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்.
வெயிலில் கிடப்பது அவற்றின் உத்தியோகம்.
எப்படிக் கெடுகின்றன என்று
குறித்து வைப்பது என்னுடையது.

மாதம் ஒரு தரம் இறக்குவேன்.
மஞ்சள் ஏறியிருக்கிறதா, மடிப்பில் வெடிப்பு உண்டா,
பூச்சு உரிந்து அடித்துணி தெரிகிறதா.
பிறகு இரண்டு முனையையும் இயந்திரம் கவ்வி இழுக்கும்.
கிழிகிற நொடியில் ஓர் எண் காட்டும்.
அந்த எண்ணை நம்பி எங்கோ ஒருவர்
இருபது வருஷத்துக்கு உத்தரவாதம் எழுதுவார்.

துணி என்கிறோம்.
பாவு கிடையாது, ஊடு கிடையாது.
உருகின இழைகளைக் கலைத்துக் கொட்டிச்
சூட்டில் அமுக்கினால்
ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்,
எட்டு இருபது ஆவடி வண்டியில்
லேடீஸ் பெட்டியில் நாங்கள் நிற்பதுபோல.
யாரும் யாரையும் பின்னவில்லை.
ஆனாலும் ஒருத்தியும் விழுவதில்லை.

சிலவற்றில் அதன்மேல் ஒரு படலம், தலைமுடியைவிட மெல்லிசு.
மழை நுழையக் கூடாது, சுவரின் ஈரம் ஆவியாகி வெளியேற வேண்டும்.
எட்டாம் மாதம் இருபத்தேழாம் எண்ணுக்கு
உள்ளே எது, வெளியே எது என்று
மறந்துபோனது.

வியாசர்பாடியில் என் வீடு மூன்றாம் மாடி.
அதற்கு மேல் வானம்தான்.
கத்திரியில் பகல் பன்னிரண்டு மணிச் சூடு
ராத்திரி பத்துக்குத்தான் கீழே இறங்கி வரும்.
நானும் பாத்திரம் கழுவி அப்போதுதான் படுப்பேன்.
சுவரைத் தொட்டால், தோசை வார்த்து முடித்த கல்.
பையன் ஆறின தரை தேடி
உருண்டு உருண்டு தூங்குவான்,
காலையில் கட்டிலுக்கடியில் கிடைப்பான்.

ஓரம் பிசகின வெற்றுத் துணிச் சுருள் ஒன்றைக்
கழிவில் போட்டார்கள், போன சித்திரையில்.
கேட் பாஸ் வாங்கி, எடைக்குப் பணம் கட்டி,
மீன்பாடி வண்டியில் ஏற்றினேன்.
ஷர்ஃபுதீன் வந்தான்,
கக்கூஸ் குழாய் முதல் கூரை விரிசல் வரை பார்ப்பவன்.
பாசி சுரண்டினோம். வெடிப்பில் பசை வைத்தோம்.
வெள்ளைப் பூச்சு அடித்து, ஈரத்திலேயே துணியை விரித்து,
குமிழ் இல்லாமல் உள்ளங்கையால் தேய்த்து, மேலே மறுபடி பூச்சு.
குடித்துக்கொண்டே இருந்தது துணி.
"பேண்டேஜுக்கா இது" என்றான்.
மழைத்தண்ணீர் இறங்கும் வாயருகே மூன்று அடுக்கு.
எந்த வீடும் அங்கேதான் முதலில் கைவிடும்.

கண் கூசுது என்றாள் பக்கத்து மாடிக்காரி.
காக்கை ஒன்று இறங்கித்
தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றது.
லேபிலிருந்து இரவல் வாங்கின தெர்மாமீட்டர்
உள்கூரையில் ஆறு டிகிரி குறைவு என்றது.
நான் நம்பவில்லை.
காலையில் பையன் போட்ட இடத்திலேயே கிடந்தான்.
அதை நம்பினேன்.

ஐப்பசி மழையில் ஒரு சொட்டு இல்லை.
பக்கெட் குளியலறைக்குத் திரும்பிப் போனது.
இ.பி. பில் முந்நூறு ரூபாய் இறங்கிச்சு என்று
ஏகாம்பரத்திடம் வாய்விட்டேன்.
வீட்டுக்காரர் மேலே ஏறி வந்தார்,
செருப்பைக் கழற்றினார்,
உச்சி வெயிலில் வெறுங்காலோடு
பிராகாரம் சுற்றுகிற மாதிரி
தளத்தை ஒரு சுற்று சுற்றினார்.
"நல்ல வேலைம்மா. தாங்குமா?"
தொழில் புத்தி. உண்மையைச் சொன்னேன்:
பத்து வருஷம்.

தை பிறந்ததும் வாடகை ஆயிரத்து ஐந்நூறு ஏறியது.
"ஜில்லுனு இருக்குற வீடும்மா,
வெளிய கேட்டுப் பாரு."

ஷர்ஃபுதீனுக்குப் போன் போட்டேன்.
காலி பண்ணினால் அதை உரித்து எடுக்க முடியுமா?
ரொம்ப நேரம் சிரித்தான்.
"ஒட்டினது ஒட்டினதுதான்க்கா.
இழுத்தா காங்கிரீட்டோடதான் வரும்."

இன்று முப்பத்தொன்றாம் எண்ணை இறக்கினேன்.
மஞ்சள் இல்லை. வெடிப்பு இல்லை.
இயந்திரம் கவ்வி இழுக்கிறது.
நீள்கிறது, நீள்கிறது,
கிழியக் காணோம்.
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு
நின்றுகொண்டிருக்கிறேன்.