ஒன்பது வோல்ட் நெற்றிக்கண்

உயரத்துக்காகத்தான் கூப்பிட்டார்கள்.
வழக்கமாய்ச் சிவனாகும் வேடியப்பனுக்கு
அந்த ஆடியில் முதுகுத்தட்டு விலகிவிட்டது.
"நீ நம்பவே வேண்டாம்ப்பா,
வண்டி மேல நின்னாப் போதும்" என்றார் செங்கோடன்.
அவருக்குத் தெரியும்,
குகையில் எல்லோருக்கும் தெரியும்,
கோயில் வரியைக் கொடுத்துவிட்டு
கோயிலுக்குள் போகாத லேத் பட்டறைக்காரன் நான்.

என் நம்பாமை எந்த மேடையிலிருந்தும் வந்ததில்லை.
ஏழாம் வகுப்புக் காலாண்டுக்கு முன்
உண்டியலில் போடச் சொன்ன ஐம்பது காசை
தட்டுவடையாகத் தின்று பார்த்தேன்.
கணக்கில் எழுபத்தொன்று.
அரையாண்டுக்குப் போட்டேன்.
முப்பத்திநாலு.
இரண்டு முறையும் போய் அவள் முகத்தைப் பார்த்தேன்.
அதே வெள்ளிக் கண். அதே எலுமிச்சை மாலை.
கோபம் வரவில்லை எனக்கு.
யாருமில்லாத வீட்டை
நெடுநேரம் தட்டியவனின் கைவலி மாதிரி
ஏதோ ஒன்று.

மூன்று மணிக்கே நீலம் பூசினார்கள்.
வெயிலில் அது இறுக இறுக
தோல் இன்னொருவனுடையதாயிற்று.
சடைக்குள் மீன்தொட்டி மோட்டார்.
கங்கை என் பிடரியில் ஒழுகினாள்.
தலைக்குப் பின்னால் சுழன்ற ஒளிவட்டத்துக்கு
லாரி வைப்பர் மோட்டார், நான் கடைந்த அச்சு.
அரை மில்லி ஆட்டம் இருந்தது,
எனக்கு மட்டும் கேட்கும்.
நெற்றிக்கண் ஒன்பது வோல்ட்.
பேட்டரி, புலித்தோலுக்குள் இடுப்பைச் சுட்டது.
பக்கத்தில் பார்வதி, ஐ.டி.ஐ. படிக்கிற பையன்,
மீசை மழித்த இடம் எரியுதுண்ணே என்று
வழியெல்லாம் முனகினான்.

வண்டி நகர்ந்தது.
நான் நம்பாத ஒன்றை நோக்கி
அத்தனை கைகளும் குவிந்தன.
பொய் சொல்லவில்லை நான். பேசவே இல்லை.
அசையாமல் இருப்பதுதான் வேலை.
யோசித்தால், அவர் வேலையும் அதுதானே
என்று சிரிப்பு வந்தது.
உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

லைன்மேடு திரும்பும் இடத்தில்
ஒருத்தி குழந்தையை ஏந்தி நின்றாள்.
வேப்பிலை செருகிய துணி.
வெடித்த உதடு. பாதி மூடிய கண்.
"ஆத்தா எறங்கியிருக்கா சாமி, அஞ்சு நாளாச்சு,
ஊசி போடக் கூடாதுன்னாங்க,
துன்னூறு மட்டும்..."
ஜெனரேட்டர் சத்தத்தில் மீதி கேட்கவில்லை.

இருபது வருஷமாய் டீக்கடையில்
இதைத்தான் கத்தியிருக்கிறேன்:
அம்மை ஒரு கிருமி,
கிருமி யார் உத்தரவும் கேட்டு வருவதில்லை.
ஒருவனும் கையிலிருந்த டம்ளரைக்கூடக்
கீழே வைத்ததில்லை.

குனிந்தேன். ரப்பர் பாம்பு நழுவியது.
"பெரியாஸ்பத்திரிக்குப் போ. இப்பவே. ஆட்டோ பிடி."

எந்த விவாதத்திலும் நான் பார்த்ததில்லை
ஒரு முகம் அப்படி மாறி.
"உத்தரவு சாமி" என்றாள்.
கூட்டமே ஒதுங்கி வழிவிட்டது.

இரவு கோகிலவாணி
தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்துவிட்டாள்.
அவளுக்கு வெள்ளிக்கிழமை விரதம்,
எனக்கு வெள்ளிக்கிழமை பிரியாணி,
பதினாறு வருஷமாய் இப்படித்தான்.
"மேல நிக்கறப்ப ஏதாச்சும் தோணுச்சா உனக்கு?"
"அரிச்சுது."
சிரித்தாள்.
குழந்தையைப் பற்றிச் சொல்லவில்லை.
சொன்னால் அவள் எதை நம்புவாளோ,
அதை மறுக்க
அன்றைக்கு என்னிடம் தெம்பில்லை.

சனிக்கிழமை பட்டறையைப் பாதியில் அடைத்துவிட்டு
பெரியாஸ்பத்திரி போனேன்.
குழந்தைகள் வார்டு வாசலில் காவலாளி மறித்தார்.
பேர்? தெரியாது.
வீடு? லைன்மேடாக இருக்கலாம்.
"கொழந்தைக்கு வேண்டியவரா நீங்க?"
வேண்டாதவன்தான் ஐயா,
ஏழாம் வகுப்பிலிருந்து.
அதையும் சொல்லவில்லை.

கம்பிக்கு அந்தப் பக்கம்
சுவரோரமாய்ப் பெண்கள் படுத்திருந்தார்கள்.
ஒருத்தி எழுந்து உட்கார்ந்து
நேராக என்னைப் பார்த்தாள்,
அவளாக இருக்கலாம்,
கொட்டாவி விட்டுத் திரும்பிப் படுத்தாள்.

காதுக்குப் பின்னால்
இன்னும் அரித்துக்கொண்டிருந்தது.
சொறிந்தேன்.
நகத்தில் வந்தது நீலம்.