முப்பதாம் நாள், ஐந்து மணி வரை

நகராட்சி எல்லைக்குள் தோட்டா விற்கவும்
சுட்ட உறையில் மருந்து அடைத்துத் திரும்பக் கொடுக்கவும்
தடை விதிக்க உத்தேசம்.
ஆட்சேபணை உள்ளவர்கள் முப்பது நாளுக்குள் தெரிவிக்கலாம்.

அறிவிப்பை ஒட்டியது நான்தான்.
பசை காயும் முன்னே ஓர் ஆடு வந்து
கீழ் ஓரத்தைத் தின்றது,
ஆணையர் கையெழுத்தோடு.

காரணம் தேவகோட்டை முழுக்கத் தெரியும்.
தை மாதம், மாப்பிள்ளை அழைப்பு.
யாரோ பெருமைக்கு வானத்தைப் பார்த்துச் சுட்டான்.
வானம் தப்பித்தது.
மாடியில் வேடிக்கை பார்த்த உண்ணாமலைக்கு
ஒன்பது வயது,
காது மடலில் ஒரு ரவை,
தோடு குத்தின இடத்துக்கு அரை விரல் மேலே.

பதிவேட்டில் முதல் எண்
காதர் கனி, ஆயுதக் கடை, பஸ் ஸ்டாண்டு பின்புறம்.
உரிமம், இருப்புக் கணக்கு, எல்லாம் நகலோடு.
"என் கடையில் கூட்டம் என்று ஒருவர் சொல்லட்டும்.
ஆறு தோட்டா விற்ற நாளில்தான் வீட்டில் பிரியாணி."
மனுவில் இதையெல்லாம் எழுதலாமா பாய் என்றேன்.
எழுதியாச்சு, சீலைக் குத்துங்க என்றார்.

ஒன்பது, வங்கிக் காவலாளி தர்மலிங்கம்.
பதினோரு வருடமாக அதே ஐந்து தோட்டா,
ஒன்றும் வெடித்ததில்லை.
இனி வெடிக்குமா என்று அவருக்கே சந்தேகம்.
மாற்றுவதற்கு மதுரைக்குப் போனால்
பஸ்காசு வங்கி தருமா என்று
கடைசி வரியில் கேட்டிருந்தார்.

பதினாறு, சந்தியாகு, சருகணிப் பக்கம்.
கடலை மூன்று ஏக்கர்.
புதுத் தோட்டா கட்டுபடியாகாது,
அடைத்து வாங்கினால் பாதி விலை.
"பாதி விலைச் சத்தம் என்று
பன்றிக்குத் தெரியாது ஐயா."

இருபத்து மூன்று
எண்ணே அல்ல.
சேவுகன், உண்ணாமலையின் அப்பா.
தடை வேண்டும் என்கிறார்.
ஆதரவுக்கு இந்தப் பதிவேட்டில் இடம் கிடையாது,
ஆட்சேபணைக்கு மட்டும்தான் கோடு போட்டிருக்கிறார்கள்.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.
அழித்துவிடுவீர்களா என்றார்.
மாட்டேன் என்றேன்.
நம்பவில்லை. அன்றிலிருந்து தினமும் வந்து
பெஞ்சில் உட்கார்ந்து
பென்சில் எழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார்.

முப்பதாம் நாள். நாலே முக்கால்.
ஸ்டாம்ப் பேடில் மை வறண்டு
எச்சில் தொட்டுக் குத்திக்கொண்டிருக்கிறேன்.
ஒரு பெண், கையில் நாலாக மடித்த தாள்.
பெயர் அருளாயி.
துப்பாக்கி இருக்கா? இல்லை.
உரிமம்? இல்லை.
கடை? இல்லை.
பிறகு எதற்கம்மா ஆட்சேபணை?

"பக்கத்துக் கொல்லைக்காரர்
உரிமத்தைப் புதுப்பிக்க அலைந்தார்,
கிடைக்கவில்லை.
பன்றிக்கு என்று கம்பி கட்டி
கரண்டைக் கொடுத்தார்.
என் வீட்டுக்காரர் மடை திறக்கப் போனார்.
விடிந்து போய்ப் பார்த்தோம்.
இங்கே தோட்டாவை நிறுத்தினால்
அத்தனை கொல்லையிலும் கம்பிதான் வரும்.
வெடி என்றால்
சத்தமாவது போடும் சார்.
தூரத்தில் இருப்பவன் குனிந்துகொள்வான்.
கம்பி
கூப்பிடாது."

நான் நேரம் எழுதினேன், 4.52.
எண் எழுதினேன், நாற்பத்தொன்று.
வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.
சீல் பாதிதான் விழுந்தது, மறுபடி குத்தினேன்.

பெஞ்சில் சேவுகன் எழுந்து நின்றிருந்தார்.
சண்டைக்கு வருகிறாரோ என்று
மேஜைக்கு இந்தப் பக்கம் நானும் எழுந்தேன்.
அவர் எதுவும் சொல்லவில்லை.
தன் மனு இருந்த பக்கத்தைப் புரட்டப் போன கை
பாதியில் நின்றது.

அருளாயிக்கு அவரைத் தெரிந்திருக்க வேண்டும்.
கல்யாணத்தன்று அந்தத் தெருவில்
பந்திக்கு இலை போட்டாளாம்.
செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்,
"பிள்ளைக்குக் காது கேட்குதா?"

கேட்குது
என்றார்.