உள்தாழ்ப்பாள்

புதுவயல் பஸ் நிறுத்தம். ரைஸ்மில் பக்கமிருந்து
அவித்த நெல்வாசம்.
கையில் டீ ஆறும் நேரம் போன் வந்தது.
"சாத்தையாதானே? கோர்ட்டிலிருந்து பேசுகிறோம்.
சாட்சி சொல்ல வராததால்
உங்கள் மேல் பிடிவாரண்டு."

என் பைக்குள் அப்போது பதினோரு சம்மன்.
பத்தொன்பது வருடமாகக்
காரைக்குடி கோர்ட்டுக் காகிதத்தை
ஊர் ஊராய்ச் சுமக்கிறவன் நான்.
ஆர்டரில் கட்டளை நிறைவேற்றுநர்,
ஊர்வாயில் அமீனா.
அப்படியும்
உள்ளங்கை வேர்த்தது.
செய்யாத குற்றத்தை மனசு
தானாகவே தேட ஆரம்பித்தது.

"லைனை வைக்கக் கூடாது.
வீட்டில் மூச்சு விடக் கூடாது.
ஒரு மணி நேரத்துக்குள்
நாற்பத்தெட்டாயிரம் அனுப்பினால் வாரண்டு ரத்து."

ஒரு மணி நேரமா!
அங்கேதான் உயிர் திரும்பியது எனக்கு.
வாய்தாமேல் வாய்தா போட்டு
வாதி செத்து, பிரதிவாதி செத்து,
சண்டைக்குக் காரணமான வேலியும் கறையான் தின்று,
அதற்கப்புறமும்
அடுத்த மாதத்துக்குத் தேதி கொடுத்த இடம் அது.

"எந்தக் கோர்ட்டு தம்பி?"
ஒரே மூச்சில் மூன்று கோர்ட்டு சொன்னான்.
"சம்மன் வரலையே?"
"அமீனா கொண்டுவந்தார். நீங்கள் வாங்க மறுத்தீர்கள்."
என் கையால் நீட்டியதை
நானே வாங்க மறுத்தேனாம்.
டீயைக் குடித்து முடித்தேன்.
வைத்துவிட்டேன்,
கிளாஸையும் போனையும்.

பன்னிரண்டரை வெயிலில் கண்டனூர்.
பால் வண்டியை லாரி இடித்ததைப் பார்த்த சாட்சி,
உமையாள், மாவுமில் சந்து.
"கோர்ட்டிலிருந்து வர்றேன்" என்றேன்.
உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.
"போன வாரம் போன்ல வந்தீக.
பத்தொன்பது முப்பதுக்கு அப்பவே சொல்லியாச்சு.
இன்னைக்கு நேர்லயே வந்துட்டீகளா?"

சன்னல் கம்பிக்குள் அடையாள அட்டையை நீட்டினேன்.
"இத எங்க ஊரு ஜெராக்ஸ் கடையிலயே அடிக்கலாம்."
காகிதத்தில் இருந்த நம்பரைக் காட்டினேன்.
"உங்க காயிதத்துல உங்க நம்பர்தான இருக்கும்?"
வக்கீல் குமாஸ்தாவான கொழுந்தனுக்கு அடித்தாள்.
அவன் கோர்ட்டு ஆபீசுக்கு நடந்து போய்க் கேட்டு
பதில் சொல்ல நாற்பது நிமிடம்.

நின்றேன். தண்ணீர்கூடக் கிடையாது.
என்னைக் கண்டு ஒளிந்தவர்கள் உண்டு,
ஏசியவர்கள் உண்டு,
நாயை அவிழ்த்துவிட்ட ஒருவர்
பிற்பாடு வழக்கிலும் ஜெயித்தார்.
விசாரித்துப் பார்த்தது
இந்தப் பெண்தான் முதல்.

கதவு ஒரு சாண் திறந்தது.
முத்திரையை வெயிலில் சாய்த்துப் பார்த்தாள்.
"பணம் ஏதும் கட்டணுமா?"
"சாட்சிப் படி உங்களுக்குத்தான் தருவாக. பஸ் சார்ஜுக்கு."
"தேதி?"
"வர்ற மாசம் கழிச்சு, பதினேழு."
"அம்புட்டு நாளா?"
அப்போதுதான் சிரித்தாள்.
"அப்ப நெசந்தான்."

கையெழுத்துப் போட்டாள்.
பேனா என்னுடையது.
திருப்பித் தரவில்லை.